மாறிய வகுப்பும் பழைய பொருளும்

நிரலொன்று தன் நினைவகத்தில் சிருஷ்டித்த பொருள்களைக் கோப்பில் எழுதிவைத்துப் பிறிதொரு நாள் மீண்டும் உயிர்ப்பித்துக்கொள்ளும் வழக்கம் தோன்றியபோதே, இடையில் அப்பொருள்களின் இலக்கணமாகிய வகுப்பு திருத்தப்பட்டுவிட்டால் பழையவற்றின் கதி என்ன என்ற வினாவும் உடன்பிறந்துவிட்டது. 1970களில் ஜெராக்ஸ் நிறுவனத்தின் பாலோ ஆல்டோ ஆய்வுக்கூடத்தில் ஆலன் கே, டான் இங்கால்ஸ் முதலியோர் உருவாக்கிய ஸ்மால்டாக் மொழியில், வகுப்பும் பொருளும் ‘இமேஜ்’ என்னும் ஒரே கோப்பில் சேர்ந்து வாழ்ந்தமையால், இலக்கணம் திருத்தப்பட்டதும் பொருள்கள் யாவும் புது ஸ்வரூபம் பெற்றன. வினாவுக்கே அங்கு இடமில்லை.

1988இல் காமன் லிஸ்ப் தரக்குழு ஏற்றுக்கொண்ட பொருள் அமைப்பு, கோப்புகளுக்காக அன்றி ஓடும் நிரலுக்காக ஏற்பட்டதேனும், இத்துறையில் நான் கண்டவற்றுள் மிக உத்தமமான ஏற்பாட்டைக் கொண்டது: புதிய வகுப்பில் இடமிழந்த புலங்களின் மதிப்புகளை வீசியெறியாமல் ஒரு பட்டியலாக்கி நிரலரிடம் ஒப்படைத்து, வேண்டியதை மீட்டுக்கொள்ள அது அவகாசம் தருகிறது.

1997இல் வெளிவந்த ஜாவா 1.1 பதிப்போ, பொருளைத் தனியே பிரித்துக் கோப்பில் இட்டது. அதில் வகுப்பின் பெயரும் புலங்களின் விவரமும் உண்டு, செயல்முறைகளின் நிரல் இல்லை. எழுதிய வகுப்பும் வாசிக்கும் வகுப்பும் ஒன்றே என்பதற்கு அத்தாட்சியாக ‘சீரியல் வெர்ஷன் யுஐடி’ என்ற எண் வைக்கப்பட்டது. நிரலர் அதைத் தாமே அறிவிக்காவிடில், வகுப்பின் பெயர், புலங்கள், செயல்முறைகள் ஆகியவற்றிலிருந்து அது கணிக்கப்படும். ஆதலால் பொதுச் செயல்முறை ஒன்றைக் கூட்டிய அற்ப மாற்றத்துக்கும் எண் பிறழ்ந்து, தரவு முழுவதும் செம்மையாக இருக்கும் பழைய கோப்பும் நிராகரிக்கப்படும். இது மிகக் கொடிய கண்டிப்பு என்பதே என் அபிப்பிராயம்.

எண்ணை நிலையாக அறிவித்துவிட்டால் வாசல் திறக்கும். ஆனால் அந்த வகுப்பின் கட்டமைப்பான் இயங்காமலே பொருள் உயிர்பெறுவதால், புதிதாகச் சேர்ந்த புலம் சுழியமாகவோ வெறுமையாகவோ, எவ்வித எச்சரிக்கையுமின்றி வந்து நிற்கும். அதனை நிரப்புதற்பொருட்டே, வாசிக்கும் வேளையில் குறுக்கிடும் ‘ரீட் ஆப்ஜெக்ட்’ என்னும் செயல்முறையை வகுப்பினுள் எழுதிக்கொள்ள ஜாவா இடமளித்தது. பழைய புலத்திலிருந்து புதிய புலத்தின் மதிப்பை வருவிப்பது எங்ஙனம் என்பதை அங்கே நிரலர்தாம் எழுதியாக வேண்டும்.