கல்லாறு ஏற்றமும் எக்ஸ் எஞ்சினும்

எந்தச் சக்கரத்துக்கு விசையைக் கொடுப்பது என்ற கேள்வி, இரு உலகப் போர்களுக்கு இடைப்பட்ட காலத்தில் வாகனம் செய்தவர்களைத் தூங்கவிடவில்லை. பிரிட்டனில் ஆல்விஸ் நிறுவனம் 1928-லும், பி.எஸ்.ஏ. தன் ஸ்கவுட் காரின் மூலம் 1935-லும் முன்சக்கர இழுவைகொண்ட சிறிய பந்தய வகைக் கார்களை விற்பனைக்குக் கொண்டுவந்தன. ஏற்றத்தில்தான் அந்த அமைப்புக்குச் சோதனை: மேடேறும்போது எடை பின்பக்கம் சாய்கிறது, இழுக்க வேண்டிய முன்சக்கரத்தின் பிடி தளர்கிறது. அதே ஆண்டுகளில் குன்னூர் மலைப்பாதையில் ஓடிய எக்ஸ் வகை நீராவி எஞ்சின், ஏற்றத்துக்கு வேறொரு தீர்வு வைத்திருந்தது. அதைப் பொம்மை ரயில் என்று கொஞ்சிவிட்டுக் கடந்துபோகிறோம். பொறியியலாக அதைப் படிக்க வேண்டும் என்பதே என் கட்சி.

மேட்டுப்பாளையத்திலிருந்து குன்னூருக்கு 1899-ல் ரயில் வந்தது. 1908-ல் ஊட்டியை எட்டியது. கல்லாறு நிலையம் தாண்டியதும் பாதை பன்னிரண்டரை அடிக்கு ஓரடி உயர்கிறது. வழுவழுப்பான தண்டவாளத்தில் வழுவழுப்பான இரும்புச் சக்கரம் அந்தச் சரிவில் நிற்காது. அதனால் தண்டவாளங்களுக்கு நடுவே ரோமன் ஆப்ட் என்ற சுவிஸ் பொறியாளரின் முறைப்படி இரண்டு பற்சட்டங்களைப் பதித்தார்கள். ஒன்றின் பல் இருக்கும் இடத்தில் மற்றதன் இடைவெளி வரும். ஆகவே எஞ்சினின் பல்சக்கரம் எந்த நொடியிலும் பிடியை விடுவதில்லை. இந்தப் பாதைக்காக சுவிட்சர்லாந்தின் வின்டர்தூர் தொழிற்சாலை 1914 முதல் 1925 வரை 12 எக்ஸ் எஞ்சின்களையும், 1952-ல் மேலும் ஐந்தையும் அனுப்பியது.

இவற்றில் நான்கு சிலிண்டர்கள். கீழிரண்டும் ஓடுசக்கரங்களைச் சுழற்றும், மேலிரண்டும் பல்சக்கரத்தை. ஏன் ஒன்றாக இணைக்கவில்லை? ஓடுசக்கரம் தேயத் தேய அதன் சுற்றளவு குறையும். பல்சக்கரம் நகரும் தூரமோ பற்களின் கணக்கில் நிலையானது. இரண்டையும் ஒரே தண்டில் பூட்டினால் ஒன்றையொன்று இழுத்துத் தேய்த்துக்கொண்டே மலையேற வேண்டும். பிரித்தது அதற்காக. அதைவிட அழகான ஏற்பாடு நீராவியில் இருக்கிறது. சமதரையில் கீழ் சிலிண்டர்களுக்கு மட்டும் நீராவி போகும். பற்சட்டத்தில் ஏறியதும், கீழ் சிலிண்டர்களில் வேலை முடித்து வெளிவரும் நீராவி மேல் சிலிண்டர்களுக்குள் புகுந்து இன்னொரு முறை உழைக்கும். மழையில் ஓடுசக்கரம் வழுக்கிச் சுழன்றால் கூடுதல் நீராவி மேலே பாயும். பல்சக்கரத்துக்கு வலு கூடும். இடையே ஏறும் அழுத்தம் கீழ் சிலிண்டரை எதிர்த்து நின்று வழுக்கலை அடக்கும். டிரைவர் கை வைப்பதற்கு முன்பே எஞ்சின் தன்னைத் திருத்திக்கொள்கிறது. மேட்டுப்பாளையத்திலிருந்து அசையாமல் வரும் மேல் தண்டுகள் கல்லாறு தாண்டியதும் கீழ்த் தண்டுகளுக்கு எதிர்த்திசையில் சுழலத் தொடங்குவதை நடைமேடைப் பக்கத்திலிருந்தே பார்க்கலாம்.

குன்னூருக்கு மேலே டீசல் இழுக்கிறதே, கீழேயும் அதுவே போதாதா என்று கேட்கிறார்கள். மேலே பற்சட்டம் இல்லை, சரிவும் ஏறக்குறைய பாதிதான். அங்கே சக்கரத்தின் பிடியே போதும். வெளிநாடுகளில் டீசலில் ஓடும் பல்சக்கர ரயில்கள் இருப்பது உண்மை. எனவே நீராவி தவிர வழியே இல்லை என்று நான் சொல்லவில்லை. ஆனால் இந்த வளைவுகளுக்கும் இந்தச் சரிவுக்கும் வடித்த எஞ்சின் நூறாண்டு தாண்டியும் ஏறுகிறது என்பதை, மாற்றச் சொல்பவர்கள் கணக்கில் சேர்க்க வேண்டும். சுவிஸ்காரர் செய்ததில் நமக்கென்ன பெருமை என்பது இன்னொரு கேள்வி. வரைபடம் அவர்களுடையது, சரி. அதைப் பிரித்து, தேய்ந்ததை வார்த்து, மறுபடி பூட்டி ஓட வைத்தவை குன்னூர் லோகோ ஷெட்டும் திருச்சி பொன்மலைப் பணிமனையும். 2010-க்குப் பின் பொன்மலையிலேயே இதே வகையில் புதிய எஞ்சின்கள் பிறந்தன. எஞ்சின் கீழ்முனையில் நின்று தள்ள, ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பிரேக்ஸ்மேன் விசில் சைகைக்குக் காது கொடுத்து நிற்கும் முறையும் இந்த ஊரில் பழகிய கைத்தொழில்தான்.

2005-ல் யுனெஸ்கோ இந்த ரயிலை உலக மரபுப் பட்டியலில் சேர்த்தது. பட்டியலில் பெயர் இருப்பதால் மட்டும் மேல் சிலிண்டர் இயங்காது. ஷெட்டில் மூத்த பிட்டர்கள் ஓய்வு பெறுவதற்கு முன் அவர்கள் கையில் இருப்பதை இளையவர்களுக்குப் பழக்கிவிட ரயில்வே இப்போதே ஆள் எடுக்க வேண்டும்.