சீட்டுக்கு அடியில் இருக்கும் சட்டை



போன வாரம், அமெரிக்காவில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர், புதிதாக வாங்கிய மோட்டார் படகின் படத்தை அனுப்பியிருந்தார். ஏரி நடுவே அவர், மனைவி, மடியில் ஐந்து வயது மகள். எல்லோர் முகத்திலும் சிரிப்பு. ஒருவர் மேலும் உயிர்காப்புச் சட்டை இல்லை. போன் செய்து கேட்டேன். "இருக்கு சார், சீட்டுக்கு அடியில வச்சிருக்கேன்" என்றார். அந்தப் பதில் என்னைத் தூங்கவிடவில்லை. அதனால் இந்த வரலாற்றுப் பாடம்.

1861 பிப்ரவரி 9. இங்கிலாந்தின் விட்பி துறைமுகத்தில் கடும் புயல். மற்றவர்களைக் காப்பாற்றப் போன மீட்புப் படகே கவிழ்ந்தது. 13 பேரில் பிழைத்தவர் ஹென்றி ஃப்ரீமன் ஒருவர்தான். கேப்டன் வார்டு என்பவர் 1854இல் வடிவமைத்த புதுவகைத் தக்கைச் சட்டையை அன்று அணிந்திருந்தவரும் அவர் ஒருவரே. மற்ற 12 பேரும் கடலை அறியாதவர்கள் அல்லர்.

அடுத்து மோட்டார் வந்தது. படகின் பின்னால் மாட்டும் இயந்திரத்தைச் சாதாரண மக்கள் கைக்குக் கொண்டுவந்தவர், நார்வேயில் பிறந்து அமெரிக்காவில் வளர்ந்த ஓலே எவின்ரூட். 1909இல் மில்வாக்கி நகரில் விற்பனையைத் தொடங்கினார். வெறும் ஒன்றரைக் குதிரைத்திறன்தான்!

மறு ஆண்டே, 1910இல், அமெரிக்கா மோட்டார் படகுச் சட்டம் இயற்றியது. விளக்கு, விசில், தீயணைக்கும் வசதி, ஆளுக்கொரு மிதவைச் சாதனம் ஆகியவை படகில் இருக்க வேண்டும் என்றது. பெட்ரோல் ஆவி காற்றைவிடக் கனமானது. படகின் அடித்தட்டில் தங்கும், ஒரு பொறி போதும். அதனால் 1940 சட்டம் காற்றோட்ட வசதியைக் கட்டாயமாக்கியது. 1971 சட்டம், படகு தயாரிப்பவர்களுக்கே பாதுகாப்புத் தரங்களை விதிக்கும் அதிகாரத்தைக் கடலோரக் காவல்படைக்குத் தந்தது. சிறு படகுகளில் எத்தனை பேர், எவ்வளவு எடை என்று காட்டும் தகடு அந்த வழியில் வந்ததுதான்.

கடைசியாக 2021 ஏப்ரல் 1. ஓட்டுபவர் தண்ணீரில் விழுந்தால், ஆளில்லாத படகு வட்டமடித்துத் திரும்பி வந்து அவரையே தாக்கக்கூடும். அதனால் 26 அடிக்குக் குறைந்த படகுகளை வேகமாக ஓட்டுபவர், இயந்திரத்தை நிறுத்தும் சுவிட்சின் கயிற்றைத் தன் உடலோடு மாட்டிக்கொள்ள வேண்டும் என்று விதி வந்தது.

கவனித்தீர்களா? 1910 சட்டம் மிதவை "படகில் இருக்க வேண்டும்" என்றுதான் சொன்னது. ஆனால் விட்பி சொல்லும் பாடம் வேறு: உடம்பில் இருந்த சட்டைதான் காப்பாற்றியது. படகு கவிழும்போது சீட்டுக்கு அடியில் கையை விட்டுத் தேட யாருக்கு நேரம் இருக்கும்? ஓடும் படகின் மேல்தளத்தில் 13 வயதுக்கு உட்பட்ட குழந்தைகள் சட்டையை அணிந்தே இருக்க வேண்டும் என்பது இன்று அங்கே மத்திய அரசு விதி. மாநிலங்கள் சில தம் வயது வரம்பை வேறாக வைத்திருக்கின்றன.

தம்பி, படகில் ஏறும் முன் நான்கு காரியம் செய்: அடித்தட்டுக் காற்றை வெளியேற்று, வானிலை பார், எங்கே போகிறாய், எப்போது திரும்புவாய் என்று கரையில் ஒருவரிடம் சொல், சட்டையை மாட்டு. முதலில் நீ மாட்டு. உன்னைப் பார்த்துத்தான் பிள்ளை மாட்டும்.

அடுத்த படத்துக்குக் காத்திருக்கிறேன்.

அன்புடன்,
உங்கள் வாத்தியார்