ஆயுதச் சட்ட வழக்குகளில் விருப்புரிமை

உரிமம் இல்லாத துப்பாக்கி பிடிபட்டால் வழக்குத் தொடர்வதா, எந்தப் பிரிவில் தொடர்வது, தொடர்ந்த வழக்கைத் திரும்பப் பெறலாமா என்று முடிவு செய்யும் அதிகாரம் வழக்குத் தொடரும் விருப்புரிமை எனப்படும். அமெரிக்காவில் இது பெரும்பாலும் அரசு வழக்கறிஞரிடமே இருக்கிறது. இந்தியாவில் காவல்துறை, மாவட்ட நடுவர், அரசு வழக்கறிஞர், நீதிமன்றம் என நான்கு இடங்களில் பிரிந்து கிடக்கிறது.

வரலாறு

1878ஆம் ஆண்டின் இந்திய ஆயுதச் சட்டம், 1857 எழுச்சிக்குப் பின் ஆயுதம் பறிக்கப்பட்ட வட இந்தியப் பகுதிகளைத் தனியாக நடத்தியது. அங்கே வழக்குத் தொடர முன் இசைவு தேவையில்லை. பிற பகுதிகளில் தேவை. இந்த வேறுபாடு அரசமைப்பின் 14ஆம் உறுப்புக்கு முரணானது என்று ஜியா லால் வழக்கில் (1962) உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 1959ஆம் ஆண்டின் ஆயுதச் சட்டம் 1962 அக்டோபர் 1 முதல் நடைமுறைக்கு வந்து, நாடு முழுவதற்கும் ஒரே விதியை வகுத்தது.

மாவட்ட நடுவரின் இசைவாணை

உரிமமின்றித் துப்பாக்கி வைத்திருப்பது 3ஆம் பிரிவை மீறும் குற்றம். 39ஆம் பிரிவின்படி, மாவட்ட நடுவரின் முன் இசைவு இல்லாமல் இக்குற்றத்துக்கு வழக்குத் தொடர முடியாது. காஞ்சிபுரம் நகரில் பிடிபட்ட நாட்டுத் துப்பாக்கிக்கு இசைவு தர வேண்டியவர் மாவட்ட நடுவராகச் செயல்படும் மாவட்ட ஆட்சியர். சென்னை போன்று காவல் ஆணையர் உள்ள பகுதிகளில் ஆணையரே அந்த அதிகாரி. நாட்டு வெடிகுண்டு வழக்குகளுக்கும் 1908ஆம் ஆண்டின் வெடிபொருள் சட்டம், 7ஆம் பிரிவில், இதே போன்ற ஒப்புதலைக் கேட்கிறது.

இசைவாணை வெறும் கையொப்பம் அல்ல. துப்பாக்கி சுடும் நிலையில் உள்ளதா என்ற தடய அறிவியல் அறிக்கையையும் பிற ஆவணங்களையும் பார்த்து மனம் செலுத்தியே அதை வழங்க வேண்டும். பழுதாகிச் சுட இயலாத பழம்பொருளுக்கு ஆயுதச் சட்டத்தின் 45ஆம் பிரிவு விலக்களிக்கிறது. 2019 திருத்தத்துக்குப் பின், உரிமமற்ற சாதாரணத் துப்பாக்கிக்கு 2 முதல் 5 ஆண்டு வரை சிறை. சிறப்புக் காரணங்களைப் பதிவு செய்தால் மட்டுமே நீதிமன்றம் அதைக் குறைக்கலாம். குறைந்தபட்சத் தண்டனை உயர்ந்துவிட்ட நிலையில், தொடக்கத்திலேயே வழக்கை எடைபோடும் இசைவாணையின் பொறுப்பும் கூடியிருக்கிறது.

மலைக் கிராமங்கள்

தருமபுரி, கிருஷ்ணகிரி மலைப் பகுதிகளில், உரிமமற்ற நாட்டுத் துப்பாக்கிகளைத் தாமாக ஒப்படைத்தால் வழக்கு இல்லை என்று காவல்துறை அறிவிப்பதுண்டு. காட்டுப்பன்றியை விரட்டத் துப்பாக்கி வைத்திருக்கும் உழவரையும் கூலிப்படையினரையும் ஒரே தட்டில் வைக்காத நல்ல நடைமுறை இது. ஆனால் பிடியாணை இன்றிக் கைது செய்யத்தக்க குற்றம் பற்றித் தகவல் கிடைத்தால் முதல் தகவல் அறிக்கை பதிவது கட்டாயம் என்று லலிதா குமாரி வழக்கில் (2013) உச்ச நீதிமன்றம் கூறியுள்ளது. எனவே இச்சலுகை எழுத்துப்பூர்வமான, எல்லோருக்கும் பொதுவான விதியின்கீழ் வருவதே பாதுகாப்பு.

வழக்கைத் திரும்பப் பெறுதல்

குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 321ஆம் பிரிவு, நீதிமன்ற ஒப்புதலுடன் வழக்கைத் திரும்பப் பெற அரசு வழக்கறிஞருக்கு அதிகாரம் அளித்தது. இந்த அதிகாரத்தின் எல்லையைத் தெளிவாக்கியது தமிழகத்தில் தொடங்கிய ஒரு நெருக்கடி. 2000 ஜூலை 30 அன்று தாளவாடி அருகே தொட்டகாஜனூரிலிருந்து கன்னட நடிகர் ராஜ்குமாரைச் சந்தனக் கடத்தல்காரர் வீரப்பன் கடத்தினார். அவரை மீட்பதற்காக, வீரப்பன் கூட்டாளிகள் எனச் சிறையில் இருந்தவர்கள் மீதான தடா (பயங்கரவாதத் தடுப்புச் சட்டம்) குற்றச்சாட்டுகளைத் திரும்பப் பெறக் கர்நாடக அரசு முனைந்தது. தமிழக அரசும் சிலரை விடுவிக்க முயன்றது. வீரப்பன் கும்பலால் கொல்லப்பட்ட காவல் அதிகாரியின் தந்தை இதை எதிர்த்து உச்ச நீதிமன்றம் சென்றார்.

அப்துல் கரீம் எதிர் கர்நாடக மாநிலம் என்ற அவ்வழக்கில், 2000 நவம்பர் 7 அன்று நீதிமன்றம் அம்முயற்சியை ரத்து செய்தது. அரசு சொன்னதை அப்படியே ஏற்காமல், எல்லா ஆவணங்களையும் பார்த்து, பொதுநலனுக்கு உகந்ததா என்று அரசு வழக்கறிஞர் தாமே முடிவெடுக்க வேண்டும் என்றது. வழக்குகள் கைவிடப்படாமலேயே ராஜ்குமார் நவம்பர் 15 அன்று விடுதலையானார்.

இன்றைய நிலை

குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறையில் உள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா, 360ஆம் பிரிவில் இதே அதிகாரத்தைத் தொடர்கிறது. ஆனால் பாதிக்கப்பட்டவரின் தரப்பைக் கேட்காமல் வழக்கைத் திரும்பப் பெற நீதிமன்றம் அனுமதிக்கக் கூடாது என்ற புதிய நிபந்தனையைச் சேர்த்திருக்கிறது. அன்று ஒரு தந்தை உச்ச நீதிமன்றம் வரை சென்று பெற வேண்டியிருந்த செவிசாய்ப்பு, இன்று விசாரணை நீதிமன்றத்திலேயே உரிமையாகியுள்ளது.