கரும்பலகையும் குண்டாந்தடியும்

வேலை போய்விடுமே என்று அஞ்சுகிறவன் எல்லாம் கோழை அல்லன். அவனுக்கு ஒரு வீடு உண்டு. அந்த வீட்டிலே அவனை நம்பிச் சில வயிறுகள் உண்டு. சம்பளம் தரும் கை எதுவோ, அதுவே தடியும் ஏந்தி நிற்கும்போது, அந்தத் தடியை எதிர்த்து வாய் திறப்பதா, வாளாவிருப்பதா? எளிதில் விடை சொல்லக்கூடிய கேள்வி அன்று இது. ஆனால் நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் ஒரே நாளில் இந்தக் கேள்விக்கு ஒரே விடையைத் தந்த வரலாறு ஒன்று உண்டு. அமெரிக்க நாட்டின் தென்பகுதியிலே, அலபாமா மாநிலத்தின் செல்மா நகரிலே, 1965-ஆம் ஆண்டு சனவரித் திங்கள் 22-ஆம் நாள் நடந்தது அது. கரும்பலகை முன் நின்று பிழைக்கும் நாம், அந்த நாளை எண்ணுந்தோறும் நம் கையிலுள்ள சுண்ணக்கட்டி கனப்பதை உணர்கிறோம்.

செல்மா பருத்தியால் பணம் கண்ட ஊர். பருத்தியைப் பயிரிட்டவர் கறுப்பர். பணத்தை எண்ணியவர் வெள்ளையர். அடிமை முறை 1865-இல் சட்டத்தால் ஒழிந்தது. நிறத்தைக் காரணம் காட்டி வாக்குரிமையை மறுக்கலாகாது என்று 1870-இல் அரசியல் சட்டம் எழுதி வைத்தது. ஏட்டிலே எழுதிய உரிமை நாட்டிலே நடமாடவில்லை! செல்மா அடங்கிய டல்லாஸ் மாவட்டத்தில் வாக்களிக்கும் வயதுடைய கறுப்பர் சுமார் 15,000 பேர். 1965 தொடக்கத்தில் வாக்காளர் பட்டியலில் இருந்தவர்களோ முந்நூற்றுச் சொச்சம்! பெயரைப் பதிவு செய்யும் அலுவலகம் மாதத்தில் இரண்டே நாள் திறக்கும். போனால் ஒரு தேர்வு. வினாத் தொடுப்பவரும் வெள்ளையர், விடை திருத்துபவரும் வெள்ளையர். பட்டம் பெற்ற கறுப்பர்கூட அந்தத் தேர்வில் 'தோற்றனர்'.

வாக்குக்கும் தடிக்கும் என்ன தொடர்பு என்று கேட்கலாம். தொடர்பு மிக நெருங்கியது. அந்நாட்டில் மாவட்டப் போலீசின் தலைவரான ஷெரீப், மக்களால் தேர்ந்தெடுக்கப்படுபவர். கறுப்பருக்கு வாக்கில்லை, ஆகவே கறுப்பரின் முதுகைப் பற்றி ஷெரீப்புக்குக் கவலையில்லை. டல்லாஸ் மாவட்டத்தின் ஷெரீப் ஜிம் கிளார்க், 'ஒருபோதும் முடியாது' என்று பொருள்படும் ஒற்றைச் சொல்லைப் பொறித்த வில்லையைச் சட்டையில் அணிந்து திரிந்தவர். கையில் குண்டாந்தடி, அவருடைய ஆட்களிடம், மாடு ஓட்டுவதற்கென்று செய்த மின்சாரக் கோல்கள். அந்தக் கோல் மனிதர் மீது பாய்ந்தது.

முதலில் எதிர்த்தவர்கள் பிள்ளைகள். 1963 செப்டம்பரில் பர்மிங்காம் நகரத் தேவாலயத்தில் குண்டு வெடித்து நான்கு சிறுமியர் மாண்டபோது, செல்மா மாணவர்கள் வெள்ளையருக்கென ஒதுக்கிய கடையில் அமர்ந்து அறப்போர் தொடுத்தனர். நூற்றுக்கணக்கில் சிறை புகுந்தனர். 1964 சூலையில், மூவரோ அதற்கு மேற்பட்டவரோ கூடி உரிமை பேசலாகாது என்று உள்ளூர் நீதிபதி தடை விதித்தார். அந்தத் தடையை மீறி 1965 சனவரி 2-ஆம் நாள் மார்ட்டின் லூதர் கிங் அங்கே பேசினார். சனவரி 19-இல், பதிவுக்கென வந்தோருடன் நின்றிருந்த அமீலியா பாயின்டன் என்ற மூதாட்டியை, நகரமே மதித்த பெண்மணியை, ஷெரீப் கிளார்க் கழுத்துப் பட்டியைப் பிடித்து இழுத்துத் தள்ளிக் கைது செய்தார். படமெடுப்போர் பார்க்க நடந்த அட்டூழியம் அது.

ஆசிரியர்களின் முறை அப்போதுதான் வந்தது.

அவர்கள் ஏன் தயங்கினர்? தயங்கக் காரணம் இருந்தது. கறுப்பரிலே மாதச் சம்பளம் கண்டவர்கள் அவர்களே. ஆனால் சம்பளத்தை அளந்தது முழுக்க வெள்ளையரே அமர்ந்த கல்விக் குழு. தென் கரோலினாவில் செப்டிமா கிளார்க் என்ற ஆசிரியை, கறுப்பர் முன்னேற்றச் சங்கத்திலிருந்து விலக மறுத்ததற்காக, 40 ஆண்டுப் பணிக்குப் பின் 1956-இல் வேலையை இழந்தார், ஓய்வூதியத்தையும் இழந்தார். அந்தக் கிளார்க்குக்கும் இந்தக் கிளார்க்குக்கும் பெயர்தான் ஒன்று! அலபாமாவிலோ அந்தச் சங்கமே 1956 முதல் 1964 வரை தடை செய்யப்பட்டுக் கிடந்தது.

பொறுத்திருப்போம், வழக்கு மன்றம் பார்த்துக்கொள்ளும் என்போர் எந்த ஊரிலும் உண்டு. செல்மாவில் அந்த வாதம் செல்லாக் காசாகிவிட்டது. நடுவண் அரசே 1961-இல் அம்மாவட்டத்தின் பதிவு அதிகாரிகள் மீது வழக்குத் தொடுத்திருந்தது. நான்கு ஆண்டு உருண்டோடியும் பட்டியலில் ஏறியவர் முந்நூற்றுச் சொச்சமே! நம் தலையை நீட்டினால் அடி இன்னும் பலமாக விழாதா என்ற அச்சமும் இயல்பானதே. ஆனால் அடி ஏற்கனவே விழுந்துகொண்டிருந்தது. வாங்கியவர்கள் அவர்களுடைய மாணவர்கள். அடி விழுமா என்பதன்று, யார் மீது விழுவதை நாம் பார்த்துக்கொண்டிருக்கப் போகிறோம் என்பதே கேள்வியாயிற்று. வகுப்பிலே குடியியல் பாடம் நடத்துகிறோம். நாம் குடிமக்கள்தாமா என்ற வினா அந்த ஆசிரியர்களை உறுத்திற்று.

அவர்களுக்குத் தலைமை தாங்கியவர் பிரடரிக் ரீஸ். ஆசிரியர் சங்கத்துக்கும், வாக்காளர் உரிமைக்காக நின்ற உள்ளூர்க் கழகத்துக்கும் தலைவர். அவர் சமய போதகரும்கூட என்பதற்காக நாம் முகம் திருப்ப வேண்டியதில்லை. அன்று அவர் துணையாகக் கொண்டது வானத்தை அன்று. சக ஆசிரியரின் காலடி ஓசையை! தனி ஆசிரியரை நீக்கலாம், இருவரை நீக்கலாம், எல்லோரையும் நீக்கினால் பள்ளியைப் பூட்ட வேண்டும். பூட்டினால் ஆயிரக்கணக்கான பிள்ளைகள் வீதிக்கு வருவார்கள். இந்தக் கணக்கு ரீஸுக்கும் தெரியும், எதிரிக்கும் தெரியும்.

வெள்ளிக்கிழமை, பள்ளி முடிந்த பின், நூற்றுக்கு மேற்பட்ட ஆசிரியர்கள் தத்தம் நல்ல உடைகளை அணிந்து இருவர் இருவராக நடந்தனர். பல் தேய்க்கும் பிரஷைக் கையோடு எடுத்து வந்தனர். ஏன்? இரவு சிறையில் கழியலாம் என்பதற்காக! வீரவசனம் எதுவும் வேண்டாம், அந்தச் சிறு பொருளே போதும், அவர்கள் முடிவெடுத்துவிட்டுத்தான் வந்தார்கள் என்பதைக் காட்ட. மாவட்ட வழக்கு மன்றப் படிகளில் கல்வி அதிகாரிகள் வழிமறித்துத் திரும்பிப் போகச் சொன்னார்கள். போகவில்லை. கிளார்க்கும் அவருடைய ஆட்களும் தடியால் குத்திப் படியிலிருந்து கீழே தள்ளினார்கள். ஆசிரியர்கள் மீண்டும் அணிவகுத்துப் படியேறினார்கள், மீண்டும் தள்ளப்பட்டார்கள். கைது மட்டும் செய்யவில்லை! பிறகு அவர்கள் பிரௌன் சேப்பல் தேவாலயம் நோக்கி நடந்தபோது, அங்கே காத்திருந்த மாணவர்கள் எழுப்பிய ஆரவாரம் கூரையைப் பிளந்தது. ஆசிரியர் மாணவரைப் பாராட்டுவது வழக்கம். அன்று மாணவர் ஆசிரியருக்குத் தேர்ச்சி வழங்கினர்.

தடி அத்துடன் கீழே விழுந்துவிட்டதா? இல்லை. பிப்ரவரி 10-இல் கிளார்க்கின் ஆட்கள் நூற்றுக்கு மேற்பட்ட சிறுவர் சிறுமியரை மின்சாரக் கோல் கொண்டு நகருக்கு வெளியே ஓட ஓட விரட்டினர். பிப்ரவரி 18-இல், பக்கத்து ஊரான மேரியனில், தாயைக் காக்க முயன்ற ஜிம்மி லீ ஜாக்சன் என்ற 26 வயது இளைஞரை மாநிலப் போலீசுக்காரர் ஒருவர் சுட்டார். எட்டாம் நாள் அவர் மாண்டார். நடக்கத்தான் வேண்டுமா என்ற கேள்வி மறுபடியும் எழுந்தது. மாணவர் அறப்போர்க் குழு, அமைப்பாகக் கலந்துகொள்வதில்லை என்று முடிவு செய்தது. அதன் தலைவர் ஜான் லூயி, 25 வயது இளைஞர், தனி மனிதனாகப் போனார். மார்ச் 7-ஆம் நாள் பாலத்தின் மீது சுமார் 600 பேர் நடந்தனர். கண்ணீர்ப் புகை, குதிரை, குண்டாந்தடி! லூயியின் மண்டை உடைந்தது. அமீலியா பாயின்டன் நினைவிழந்து வீழ்ந்தார். தொலைக்காட்சியில் நாடே அதைக் கண்டது. மார்ச் 25-இல் சுமார் 25,000 பேர் தலைநகர் மாண்ட்கோமரியில் திரண்டனர். ஆகஸ்டு 6-இல் வாக்குரிமைச் சட்டம் கையெழுத்தாயிற்று. 1966 தேர்தலில் ஜிம் கிளார்க் பதவியை இழந்தார். 'ஒருபோதும் முடியாது' என்ற வில்லைக்கு வாக்குச் சீட்டு தந்த பதில் அது!

கணக்கை நேர்மையாகப் பார்ப்போம். ஜாக்சனைச் சுட்டவர் குற்றத்தை ஒப்புக்கொள்ள 2010-ஆம் ஆண்டு வரை, 45 ஆண்டு, காத்திருக்க வேண்டியிருந்தது. கிடைத்த தண்டனை ஆறு மாதம். 2013-இல் உச்ச நீதிமன்றம் அந்த வாக்குரிமைச் சட்டத்தின் முதுகெலும்பை முறித்தது. 2020 மே திங்களில் மினியாபொலிஸ் நகரில் ஜார்ஜ் பிளாய்டின் கழுத்தில் ஒரு போலீசுக்காரரின் முழங்கால் அழுந்தியதை உலகம் கண்டது. ஒரு தலைமுறை போராடிப் பெற்றதை மறு தலைமுறை காவல் காக்காவிடில், தடி தானே எழுந்து நிற்கும்.

ஆகவே, போராடுவதா வேண்டாமா என்ற கேள்வி நம் முன் வரும்போது, உணர்ச்சி ஒன்றையே துணைகொண்டு தாவவும் வேண்டாம். அச்சம் ஒன்றையே சாக்காக்கிப் பதுங்கவும் வேண்டாம். செல்மா ஆசிரியரைப் போல் கணக்கிடுவோம். நமக்காக ஏற்கனவே அடி வாங்குபவர் யார்? நம்முடன் வருபவர் எத்தனை பேர்? நாம் கேட்பது, நாலு பேர் அறியச் சொல்லத்தக்க தெளிவான கோரிக்கையா? கைநீட்டாமல் அடி தாங்கும் கட்டுப்பாடு நம்மிடம் உண்டா? இத்தனைக்கும் விடை கிடைத்த பிறகும் சிறிது அச்சம் மிஞ்சும். மிஞ்சட்டும்! அந்த நூற்றுவருக்கும் அது மிஞ்சித்தான் இருந்தது. அதையும் பிரஷோடு பிரஷாகப் பையில் போட்டுக்கொண்டுதான் அவர்கள் அந்தப் படிகளில் ஏறினார்கள்.