முப்பது மீட்டர் கடல்

2020-ல் கொரோனா வந்து ஆஸ்பத்திரி தனியறையில பன்னிரண்டு நாள் கிடந்தேன். காய்ச்சல் நாலே நாள்ல போயிடுச்சு. மிச்ச எட்டு நாள்தான் ஆளைப் படுத்திடுச்சு. கவச உடை போட்ட ஒருத்தர் சாப்பாட்டை வச்சுட்டுப் போற அந்த ரெண்டு நிமிஷத்துக்காக மணியைப் பார்த்துட்டே இருப்பேன். ஆக்சிஜன் அளவைத் தினம் நாலு தடவை குறிச்சுக்கிட்டாங்க. தூக்கம் வருதா, பயமா இருக்கான்னு யாரும் கேட்கலை. (அவங்களைக் குத்தம் சொல்லலைங்க, அன்னிக்கு இருந்த கூட்டம் அப்படி.)

வெளியே வந்ததும், இப்படி அடைபட்டவங்க கிட்ட யாராவது எப்பவாவது அதைக் கேட்டிருக்காங்களான்னு தேடினேன். கிடைச்ச பேரு மியெகோ கமியா. ஜப்பானிய மனநல மருத்துவர், 1914-ல் பிறந்தவர். இளவயசுல காசநோய் வந்து தனியா இருந்து மீண்டவர்.

அவர் போன இடம் ஒகயாமா பக்கத்துல நகாஷிமா தீவு. 1930-ல் தொடங்கின ஐசேயென் தொழுநோய் மருத்துவமனை அங்கே இருக்கு. தீவுக்கும் கரைக்கும் நடுவுல, ரொம்பக் குறுகலான இடத்தில் சுமார் முப்பது மீட்டர் கடல்தான். எதிர்க்கரையில நடக்கிற ஆளைப் பார்க்கலாம், போய்த் தொட முடியாது. உள்ளே வந்ததும் கிருமிநாசினிக் குளியல். கையில இருக்கிற காசைப் பிடுங்கிட்டு தீவுக்குள்ள மட்டும் செல்லுபடியாகிற காசு தருவாங்க. குடும்பத்துக்குக் களங்கம் வரக்கூடாதுன்னு பலர் சொந்தப் பேரையும் விட்டுட்டாங்க. கல்யாணம் பண்ணிக்கணுமா? முதல்ல கருத்தடை அறுவை.

1957-ல் கமியா அங்கே மனநல ஆய்வைத் தொடங்கினார். கவனிங்க, அதுக்குப் பல வருஷம் முன்னாடியே மருந்து வந்தாச்சு. நிறைய பேர் உடம்புல கிருமியே இல்லை. ஆனா 1953-ல் திருத்தின சட்டமும் அவங்களை வெளியே விடலை. நோய் போன பிறகும் நோயாளியா இருக்கணும்னா மனசு என்ன ஆகும்? நாளைக்குன்னு ஒண்ணு இல்லை, எல்லாம் வெறுமைன்னு சொன்னவங்க நிறைய. கொஞ்சம் பேர் வேற மாதிரி. அங்கே பார்வை போனவங்க சேர்ந்து 1953-ல் மவுத் ஆர்கன் குழுவே ஆரம்பிச்சிருக்காங்க.

இந்த வித்தியாசம் எங்கேர்ந்து வருதுன்னு யோசிச்சதுல பிறந்ததுதான் 1966-ல் வந்த அவரோட இகிகாய் புத்தகம். ஆமாம், இன்னிக்கு காபிக் கோப்பையில எல்லாம் அச்சடிச்சு விக்கிறாங்களே, அதே இகிகாய்!

ஆனா ஒண்ணு எனக்கு இடறுது. இவ்வளவு நுணுக்கமாக் கேட்டவர், அடைச்சு வச்ச சட்டத்தை எதிர்த்துப் போராடலை. அந்தத் தனிமைப்படுத்தலை முன்னின்று நடத்தின முதல் இயக்குநர் மிட்சுதா மேல மரியாதையோடதான் எழுதினார். இதுக்காக அவரை விமர்சிச்சவங்க உண்டு, அது நியாயம்னுதான் எனக்கும் படுது. மனசு ஏன் நோகுதுன்னு கேட்டவர் பூட்டு எதுக்குன்னும் கேட்டிருக்கணும். அதே சமயம், முதல் கேள்வியைக் கேட்கவே அங்கே வேற யாரு போனா?

1988-ல் பாலம் வந்துச்சு. 1996-ல் சட்டம் ஒழிஞ்சது. 2001-ல் குமமோட்டோ நீதிமன்றம் அந்தத் தனிமைப்படுத்தல் அரசியல் சட்டத்துக்கு விரோதம்னு தீர்ப்பு சொல்லிச்சு. அதுக்குள்ள பலருக்கு வயசு எழுபது தாண்டியாச்சு, திரும்பிப் போக வீடும் இல்லை. மூவாயிரம் பேருக்கும் மேல அஸ்தி அந்தத் தீவு மண்டபத்திலேயே இருக்கு. பாலம் வந்த பிறகும் பல குடும்பங்கள் அதை வாங்கிட்டுப் போக வரலை.