பிடிக்கிறவர் கதை: தர்மராஜ் சேரலாதன்



கபடி பார்க்கும்போது நம்ம கண்ணு யார் மேல இருக்கும்? பாடிப் போகிறவர் மேலதான். அவரை மடக்கிப் பிடிக்கிற ஆளை ஆட்டம் முடிஞ்சதும் மறந்துடுவோம்.

"பைசன்" படம் வந்த பிறகு மணத்தி கணேசன் பெயர் எல்லாருக்கும் தெரிந்துவிட்டது. 1994 ஹிரோஷிமா ஆசிய விளையாட்டில் தங்கம் வென்ற அணியில் ஆடியவர், 1995 அர்ஜுனா விருது பெற்றவர். மிக்க மகிழ்ச்சி. ஆனால் அந்தப் படத்து நாயகனும் பாடிப் போகிறவன்தான்.

எனவே இன்று பிடிக்கிற ஒருவரைப் பற்றிப் பேசுவோம்.

தர்மராஜ் சேரலாதன். தஞ்சாவூர் மாவட்டத்துக்காரர். 1975ல் பிறந்தவர்.

புரோ கபடி லீக் தொடங்கியது 2014ல். அப்போது இவருக்கு வயது 39. மற்றவர்கள் ஓய்வு பெற்று, வேலைக்குப் போய், தொப்பை போடுகிற வயது. டிவி வெளிச்சம் இவர் மேல் பட்டதே அந்த வயதில்தான்.

இவர் நிற்கும் இடம் கார்னர். ஏழு பேர் கொண்ட அணியில் இரண்டு ஓரத்திலும் குனிந்து நிற்பார்களே, அவர்கள்தான். பாடி வருகிறவருக்கு இருப்பது 30 விநாடி. அதற்குள் போனஸ் கோட்டைத் தாண்டக் காலை நீட்டுவார். அவர் உடம்பின் பாரம் ஒற்றைக் காலுக்கு மாறும் அந்த ஒரு நொடியில் கார்னர் பாய்ந்து கணுக்காலைப் பிடிக்க வேண்டும்.

கொஞ்சம் முந்தினால் ஏமாந்து போவோம். கொஞ்சம் பிந்தினால் கால் போய்விடும்.

ஒரு மருத்துவராக எனக்கு இதில்தான் ஆச்சரியம். முப்பதைத் தாண்டினால் வேகத்துக்கான தசை நார்கள் மெல்லக் குறையத் தொடங்கும். வேகத்தை மட்டுமே நம்பும் ரைடருக்கு அது பெரிய இழப்பு. கார்னருக்கோ எதிராளியின் இடுப்பும் பாதமும் அடுத்து எங்கே போகும் என்று கணிக்கத் தெரிய வேண்டும். அந்தக் கணிப்பு ஆட ஆடக் கூடும்.

2016ஐப் பாருங்கள். ஜூலை 31, ஹைதராபாத். புரோ கபடி நான்காவது சீசன் இறுதிப்போட்டியில் பாட்னா பைரேட்ஸ் 37-29 என்று ஜெய்ப்பூரை வென்றது. கோப்பையை வாங்கிய கேப்டன் நம்ம சேரலாதன், வயது 41. அந்த அணியின் நட்சத்திர ரைடர் பர்தீப் நர்வால் பிறந்தது 1997ல். கேப்டனை விட 22 வயது இளையவர்!

அதே அக்டோபரில் அகமதாபாத்தில் உலகக் கோப்பை. இறுதியில் ஈரானை 38-29 என்று வென்ற இந்திய அணியிலும் இவர் இருந்தார்.

சரி, கடல் தாண்டி ஒருவரைப் பார்த்துவிட்டு வருவோம். காரணம் இருக்கிறது.

அமெரிக்கக் கால்பந்தில் லைன்பேக்கர் என்று ஒரு இடம் உண்டு. தடுப்பு வரிசைக்குப் பின்னால் நின்று, பந்தோடு ஓடி வருகிறவனை மோதிச் சாய்ப்பதுதான் வேலை. அவர்கள் ஊர் "பிடிக்கிறவர்" என்று வைத்துக்கொள்ளுங்கள்.

அதில் பெரும்புள்ளி ஜூனியர் சியாவ். 1990 முதல் 2009 வரை 20 சீசன்கள் ஆடியவர். 2012 மே மாதம் தற்கொலை செய்துகொண்டார். வயது 43.

குடும்பத்தினர் அவரது மூளையை ஆய்வுக்குக் கொடுத்தார்கள். சி.டி.இ என்ற மூளைச் சிதைவு நோய் இருந்தது 2013 ஜனவரியில் வெளியானது. தலையில் மீண்டும் மீண்டும் அடிபடுவதால் 'டௌ' என்ற புரதம் மூளையில் படிந்து, நினைவாற்றலையும் மனநிலையையும் குலைக்கும் நோய் அது. அவர் மரணத்துக்கு இது ஒன்றே காரணம் என்று அடித்துச் சொல்ல முடியாது. (மனம் தாங்க முடியாமல் இருப்பவர்கள் 14416க்கு அழைத்துப் பேசுங்கள். இலவசம்.)

"ஹெல்மெட் போட்டுத்தானே ஆடுறாங்க டாக்டர்?" என்று கேட்கலாம்.

தூக்குச்சட்டியில் தயிர் எடுத்துக்கொண்டு பைக்கில் போங்கள். பள்ளத்தில் ஏறி இறங்கினால் சட்டிக்கு ஒன்றும் ஆகாது. உள்ளே தயிர் உடைந்திருக்கும். ஹெல்மெட் மண்டை ஓட்டைக் காக்கும். மூளை உள்ளே குலுங்குவதை அதனால் நிறுத்த முடியாது.

கபடியில் பிடி பெரும்பாலும் கணுக்கால், தொடை, இடுப்பு என்று கீழேதான். ஒவ்வொரு ஆட்டத்திலும் தலையோடு தலை மோதும் விளையாட்டு அல்ல. அதற்காக ஆபத்தே இல்லை என்று நினைத்துவிடாதீர்கள். குனிந்து நிற்கும் கார்னரின் முகத்துக்கு நேரேதான் ரைடரின் முட்டியும் குதிகாலும் வரும். 2022ல் நம் மாநிலத்திலேயே ஊர்ப் போட்டி ஒன்றில் ஆடிக்கொண்டிருந்த இளைஞர் களத்திலேயே சரிந்து இறந்தார்.

ஒக்கூர், காரைக்குடி பக்கமெல்லாம் பொங்கலுக்கும் திருவிழாவுக்கும் விடிய விடிய லைட் போட்டு ஆடுவார்கள். முட்டி வீங்கினால் தம்பிகள் மறுநாள் ஆஸ்பத்திரிக்கு வந்துவிடுகிறார்கள். தலையில் அடிபட்டு அரை நிமிஷம் கண் இருட்டிய தம்பி மட்டும் வருவதில்லை. மூஞ்சில தண்ணிய அடிச்சுட்டு அடுத்த ரவுண்டுக்கு இறங்கிடுறார்.

தம்பி, கண் இருட்டினால் அன்றைய ஆட்டம் உனக்கு முடிந்தது. முதல் அடி ஆறும் முன்னே இரண்டாவது அடி விழுந்தால் மூளை வீங்கி உயிரே போகலாம். வாந்தி, கூடிக்கொண்டே போகும் தலைவலி, தூக்கக் கலக்கம், பேச்சுக் குழறல் இதில் ஒன்று இருந்தாலும் உடனே சி.டி ஸ்கேன் வசதி உள்ள மருத்துவமனைக்குப் போ. கமிட்டி அண்ணன்களே, பரிசுத் தொகைக்காக அவனைத் திரும்ப இறக்காதீர்கள்.

சேரலாதனுக்கு வருவோம்.

சியாவ் இறந்த அந்த 43 வயதில் சேரலாதன் மும்பை அணியில் கார்னர் பிடித்துக்கொண்டிருந்தார். 44ல் ஹரியானா ஸ்டீலர்ஸ் அணிக்குக் கேப்டன். இந்தி பேசும் பையன்களும் அவரை "அண்ணா" என்றே அழைத்தார்கள். 2021 டிசம்பரில் எட்டாவது சீசன் தொடங்கியபோது ஜெய்ப்பூர் அணியில் இருந்தார். ஆமாம், 2016 இறுதியில் அவர் தோற்கடித்த அதே ஜெய்ப்பூர்தான்.

அப்போது அவருக்கு வயது 46.