அண்ணன் விட்டுச் சென்ற இரண்டு காமிராக்கள்

மலர்க் குழு நண்பர்கள், "வரலாற்றுத் துறை சார்பா ஒரு கட்டுரை எழுதிக் குடுங்க சார்" என்று கேட்டபோது, பல்லவரா சோழரா என்றுதான் யோசித்துக்கொண்டிருந்தேன். அதற்குள் வீட்டு அலமாரியில் இருந்த இரண்டு காமிராக்கள் குறுக்கே வந்துவிட்டன.

என் அண்ணன் நம் கல்லூரியில் 1966 முதல் 1969 வரை பௌதிகம் படித்தவர். பிறகு உதவித்தொகை பெற்று, அன்றைய சோவியத் யூனியனில் இருந்த கீவ் நகருக்குப் பொறியியல் படிக்கப் போனார். 1976-ல் திரும்பி வந்தபோது பெட்டியில் புத்தகங்களுக்கு நடுவே, கம்பளிச் சட்டையில் சுற்றி இரண்டு காமிராக்கள் இருந்தன. ஒன்று ஜோர்க்கி-4, இன்னொன்று கீவ்-4ஏ. போன வருஷம் அண்ணன் காலமானார். காரியங்கள் முடிந்த பிறகு அண்ணி இரண்டையும் என் கையில் கொடுத்தார்.

"தம்பி, ரெண்டுல ஒண்ணைக் காலேஜ் பிள்ளைங்களுக்குக் குடுக்கணும்னு அவர் சொல்லிக்கிட்டே இருந்தாரு. இன்னொண்ணை நீங்க வச்சுக்கோங்க. எதைன்னு நீங்களே பார்த்து முடிவு பண்ணுங்க."

எதைக் கொடுப்பது? எதை வைத்துக்கொள்வது? காமிராவின் நுட்பமெல்லாம் எனக்குத் தெரியாது. தெரிந்தது வரலாறு ஒன்றுதான். ஆகவே அந்த இரண்டின் பூர்வீகத்தைத் தேடிப் போனேன். இரண்டுமே ரஷ்யப் பெயர் தாங்கிய ஜெர்மன் வம்சங்கள் என்று அப்போதுதான் தெரிந்தது.

இரண்டு ஜன்னல்கள்

இவை 'ரேஞ்ச்பைண்டர்' வகைக் காமிராக்கள். லென்ஸ் வழியாக நாம் பார்ப்பதில்லை. முகப்பில் ஒன்றுக்கொன்று தள்ளி இரண்டு சிறு ஜன்னல்கள் உண்டு. கண்ணை வைத்தால் எதிரே நிற்பவரின் உருவம் இரண்டாகத் தெரியும். லென்ஸைத் திருகத் திருக இரண்டும் நெருங்கி ஒன்றாகும். ஒன்றானால் ஃபோகஸ் சரி. நம் இரண்டு கண்களும் தூரத்தை அறிய உதவுவது போலத்தான். ஜன்னல்களுக்கு இடையே தூரம் கூடக் கூட அளவும் துல்லியமாகும். பௌதிக மாணவர்களுக்கு இது முக்கோணக் கணக்கு. எங்களைப் போன்றவர்களுக்கு மாயாஜாலம்!

வெட்ஸ்லாரும் டிரெஸ்டனும்

ஜெர்மனியில் வெட்ஸ்லார் என்ற சிற்றூரில் மைக்ராஸ்கோப் செய்துவந்த லைட்ஸ் நிறுவனத்தில் ஆஸ்கர் பார்னாக் என்ற பொறியாளர் இருந்தார். ஆஸ்துமா நோயாளியான அவரால் கண்ணாடித் தகடு போடும் பெரிய காமிராவைச் சுமந்து திரிய முடியவில்லை. சினிமா பிலிமைக் குறுக்காக ஓடவிட்டு, 24-க்கு 36 மில்லிமீட்டர் அளவில் படம் எடுக்கும் ஒரு சின்னப் பெட்டியை 1914 வாக்கில் செய்து பார்த்தார். உலகப்போர் குறுக்கிட்டது. போருக்குப் பிந்தைய பணமுடையில், "இதை விற்க முடியுமா?" என்று பலரும் தயங்கினார்கள். முதலாளி எர்ன்ஸ்ட் லைட்ஸ் 1924-ல் துணிந்து முடிவெடுத்தார். 1925-ல் லைப்சிக் சந்தையில் 'லைக்கா' அறிமுகமானது.

போட்டிக்கு வந்தது டிரெஸ்டன் நகரின் ஜைஸ் ஐகான். நான்கு கம்பெனிகள் 1926-ல் ஒன்றாகி உருவான பெரிய நிறுவனம் அது. அது 1932-ல் 'காண்டாக்ஸ்' காமிராவை வெளியிட்டது. அதே 1932-ல் லைக்காவும் ஃபோகஸோடு இணைந்த ரேஞ்ச்பைண்டரைப் பொருத்திக்கொண்டது. அதிலிருந்து தொடங்கியது, "உனக்கு லைக்காவா, காண்டாக்ஸா?" என்ற வழக்கு.

காகிதத்தில் எழுதிப் பார்த்தால் காண்டாக்ஸ்தான் உயர்த்தி. லைக்காவின் ஜன்னல்களுக்கு இடைவெளி சுமார் 4 சென்டிமீட்டர். 1936-ல் வந்த இரண்டாம் காண்டாக்ஸில் சுமார் 9 சென்டிமீட்டர். லைக்காவில் ஃபோகஸ் பார்க்க ஒரு துளை, காட்சி பார்க்க இன்னொரு துளை. காண்டாக்ஸில் இரண்டும் ஒரே துளையில். லைக்காவுக்கு ரப்பர் பூசிய துணி ஷட்டர், பக்கவாட்டில் ஓடும். காண்டாக்ஸுக்கோ மெல்லிய பித்தளைப் பட்டிகளைப் பட்டு நாடாவில் கோத்த ஷட்டர், மேலிருந்து கீழே இறங்கும். வேகம் ஒரு செகண்டில் 1250-ல் ஒரு பங்கு. போதாததற்கு லுட்விக் பெர்டெலே வடிவமைத்த 'சொன்னார்' லென்ஸ் வேறு. மங்கிய வெளிச்சத்திலும் படம் பிடிக்கக்கூடியது.

லைக்காவின் பலம் வேறு இடத்தில் இருந்தது. சட்டைப்பைக்குள் போகும் அளவு. உள்ளே சிக்கலில்லாத அமைப்பு. ஆளுக்கொன்று பிடித்துப்போயிற்று. பிரான்சின் கார்த்தியே பிரஸ்ஸோன் கையில் 1932 முதல் லைக்கா. நம் நாட்டுக்கு வந்து, 1948 ஜனவரியில் காந்தியடிகளின் கடைசி நாட்களைப் படம் எடுத்தவர் அவர். ராபர்ட் காபா கையில் காண்டாக்ஸ். 1944 ஜூன் 6-ந் தேதி நார்மண்டிக் கடற்கரையில் குண்டு மழைக்கு நடுவே அவர் படம் எடுத்தது அதில்தான்.

போருக்குப் பின்

வழக்கைத் தீர்த்து வைத்தது போர். 1945 பிப்ரவரியில் டிரெஸ்டன் குண்டுவீச்சில் எரிந்தது. வெட்ஸ்லார் பெரும்பாலும் தப்பியது; அங்கே அமெரிக்கப் படை வந்தது. டிரெஸ்டன் பக்கமோ சோவியத் வசமாயிற்று. போர் நஷ்ட ஈடாகக் காண்டாக்ஸ் செய்யும் எந்திரங்களும் அச்சுகளும் ரயிலேறி, கீவ் நகரின் ஆர்சனல் தொழிற்சாலைக்குப் போயின. 1947 வாக்கில் காண்டாக்ஸ் 'கீவ்' என்ற பெயரில் மறுபிறவி எடுத்தது. அண்ணனின் கீவ் காமிரா எண் 74 என்று தொடங்குகிறது. 1974-ல் செய்தது என்று பொருள். உருவமென்னவோ 1936-ம் ஆண்டு காண்டாக்ஸ்தான்!

ஜோர்க்கியின் கதை இன்னும் சுவையானது. கார்க்கிவ் நகரில் அநாதைச் சிறுவர்களுக்கான தொழில் குடியிருப்பு ஒன்றை மகரெங்கோ என்ற கல்வியாளர் நடத்தினார். அந்தக் குடியிருப்பில்தான் 1934-ல் லைக்காவைப் பார்த்து 'ஃபெட்' காமிரா செய்யத் தொடங்கினார்கள். அதன் வழியில் மாஸ்கோவுக்கு அருகில் 1948-ல் பிறந்தது ஜோர்க்கி. 'கூரிய பார்வையுடையது' என்று பொருளாம்.

அதே 1948-ல் ஜப்பானியர் இன்னும் கெட்டிக்காரத்தனம் செய்தார்கள். வெளி உருவத்தைக் காண்டாக்ஸிடமும், துணி ஷட்டரை லைக்காவிடமும் எடுத்து முதல் நிக்கானைச் செய்தார்கள். லைக்காவும் சும்மா இருக்கவில்லை. 1954-ல் வந்த அதன் எம்-3, ஒரே துளைப் பார்வை, சட்டென்று மாட்டும் லென்ஸ் என்று காண்டாக்ஸின் நல்ல குணங்களைத் தனக்குள் வாங்கிக்கொண்டது. மேற்கு ஜெர்மனியில் மறுபடி செய்யப்பட்ட காண்டாக்ஸ் ரேஞ்ச்பைண்டர் 1960-களின் தொடக்கத்தில் நின்றுபோனது. லைக்காவோ 2022-ல்கூடத் தன் பழைய எம்-6 பிலிம் காமிராவைத் திரும்பக் கொண்டுவந்தது.

அண்ணனின் ஜோர்க்கியில் இருக்கும் 'ஜூபிடர்-8' லென்ஸும் சொன்னாரின் வழிவந்ததே. லைக்கா உடம்பில் காண்டாக்ஸ் கண்! பழைய சண்டை ஒரே பெட்டிக்குள் சமாதானமாகிவிட்டது.

எதைக் கொடுப்பது?

இரண்டையும் ஒரு வயதான மெக்கானிக்கிடம் காட்டினேன். ஜோர்க்கியைத் திறந்து பார்த்துவிட்டு, "இதுல துணிதான் சார். கிழிஞ்சாலும் புதுத்துணி வெட்டி ஒட்டிடலாம்" என்றார். கீவைப் பார்த்து, "இதுக்குள்ள ஒரு கடிகாரமே இருக்கு. பிரிச்சா பழையபடி சேர்க்க ஆள் வேணும்" என்று பத்திரமாகத் திருப்பிக் கொடுத்துவிட்டார்.

வரலாறு சொன்னதையே அவரும் சொன்னார். மாணவர் கைக்குப் போகும் பொருள் விழும், இடிபடும். பழுது பார்க்கத் தோதானதே நிலைக்கும். ஜோர்க்கிதான் போக வேண்டும். அறிவுக்கு அது சட்டென்று விளங்கிவிட்டது. மனசு லேசில் ஒத்துக்கொள்ளவில்லை.

ஏனென்றால் கீவ் அண்ணனுக்கு அலமாரிப் பொருள். தோளில் தொங்கியதெல்லாம் ஜோர்க்கிதான். அம்மா கடைசியாகச் சிரித்த படம் அதில் எடுத்தது. 1977-ல் எங்கள் வகுப்பு வழியனுப்பு விழாவுக்கு வந்து, வேப்பமரத்தடியில் எங்களை வரிசையாக நிற்க வைத்து, "அசையாதீங்கடா" என்று அதட்டி எடுத்ததும் அதில்தான். அந்தப் படத்தில் நிற்பவர்களில் சிலர் இந்தச் சந்திப்புக்கு வரப் போவதில்லை. அண்ணனின் கட்டைவிரல் பட்டுப் பட்டு அந்தக் காமிராவின் ஓரத்துப் பூச்சே தேய்ந்திருக்கிறது.

நாலு நாள் யோசித்தேன். பிறகு அண்ணியிடம் போய்ச் சொன்னேன். "அவருக்குப் பிடிச்சதைக் குடுக்கறதுதானே முறை தம்பி" என்றார். அதற்கு மேல் எனக்கு வாதமில்லை.

மாணவச் செல்வங்களே! ஜோர்க்கி இந்தச் சந்திப்பு நாளன்று நம் கல்லூரிப் புகைப்பட மன்றத்திடம் வருகிறது. பிலிம் இன்றும் கிடைக்கிறது, விலைதான் கூடுதல். ஒரு சுருளுக்கு 36 படம்தான், ஆகவே பார்த்து எடுங்கள். வெளிச்சமானி கிடையாது, வெளிச்சத்தை நீங்களே கற்றுக்கொள்ள வேண்டும். ஒன்றே ஒன்று மறக்காதீர்கள்: பிலிமைச் சுற்றி ஷட்டரை ஏற்றிய பிறகுதான் வேகத்தை மாற்ற வேண்டும். அண்ணன் எனக்குச் சொன்ன முதல் பாடம் அது.

முதல் சுருளின் முதல் படத்தை அந்த வேப்பமரத்தடியில் எடுங்கள். நாங்கள் வந்து வரிசையாக நிற்கிறோம்.

— ஒரு பழைய மாணவன், வரலாற்றுத் துறை (1974–77)